அமைதிப்படை சென்றதும் மீண்டதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா என்பது பாட்டும் நாடகமும் பட்டிமன்றமும் நிகழும் நன்னாள். இந்நாளில் போரைப் பற்றியும் சாவைப் பற்றியும் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறு எண்ணித் தயங்கியவனே. ஆனால், செயலாளர் அவர்கள், "உமக்குத் தெரிந்த ஒன்றைப் பேசும்; தெரியாததைப் பேச வேண்டா" என்று எனக்குக் கட்டளையிட்டுவிட்டார். நான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தனாக இருப்பவன். எனக்குத் தெரிந்தவை ஊர்ப் பெயர்களும், கட்டண விகிதங்களும், சலுகைப் பட்டியலுமே. அந்தச் சலுகைப் பட்டியலில் இருந்த ஒரு வரியே இன்று என் பேச்சின் பொருள்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பெருந்தொற்றின் காரணமாகப் பெரும்பாலான கட்டணச் சலுகைகள் நிறுத்தப்பட்டன. அதற்கு முன், சீட்டு வழங்குமிடங்களில் எங்கள் கண்முன்னே தொங்கிய பட்டியலில் போரில் கணவரை இழந்த கைம்பெண்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 விழுக்காடு சலுகை என்று கண்டிருந்தது. அதன் கீழேயே தனியாக ஒரு வரி: இலங்கையில் போரிட்டு மாண்ட இந்திய அமைதிப்படையினரின் கைம்பெண்களுக்கும் அவ்வாறே. கார்கில் போர் வீரர்களின் மனைவியருக்கு ஒரு வரி. இலங்கைக்குச் சென்றவர்களின் மனைவியருக்கு ஒரு வரி.

நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு. ஊர் எதுவென்று சொல்ல வேண்டா. ஒரு சிறு நிலையம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் வரிசையில் வந்து நின்று, சைனிக் போர்டு கொடுத்த அட்டையை நீட்டினார். கூட்டம் மிகுதி. அந்த வரியை நான் அதுவரையில் பயன்படுத்தியதில்லை. "அமைதிப்படையா? அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சற்று ஒதுங்கி நில்லுங்கள், பெரியவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தனர். அவர் ஒதுங்கி நின்றார். கால்மணி நேரம் நின்றிருப்பார். பின்னர் நான் பட்டியலைப் பார்த்துத் தெளிந்து, சீட்டை எடுத்துக் கொடுத்தபோது, என் சட்டையிலிருந்த பெயர்ப்பட்டையைப் படித்தார். "மீரு அரவவாள்ளா, பாபு?" என்று கேட்டார். நீங்கள் தமிழரா என்பது பொருள். ஆம் என்றேன். "அவர் உங்கள் மக்களுக்காகத்தான் போனார்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுச் சென்றார். குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

அன்பர்களே! அந்தச் சொல்லுக்கு விடை தேடியே நான் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும், என் குடும்பத்தில் கண்டதையும் உங்கள்முன் வைக்கின்றேன்.

1987ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், இந்தியப் பிரதமர் இராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மூண்டெழுந்த உள்நாட்டுப் போரை நிறுத்துவதும், தமிழர் வாழும் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு ஓரளவு ஆட்சியுரிமை பெற்றுத் தருவதும், போராளிகளிடமிருந்து படைக்கலங்களைப் பெறுவதும் அதன் நோக்கங்கள். அவற்றை நிறைவேற்றவே அமைதிப்படை சென்றது. முதலிற் சென்ற 54ஆம் காலாட்படைப் பிரிவின் தலைமையிடம் எது தெரியுமா? நாம் இன்று கூடியிருக்கும் இதே செகந்திராபாத். ஆகவே, இது எங்கோ நடந்த கதையன்று. நம் தெருவிலிருந்து புறப்பட்ட கதை.

என் தந்தையார் லாலாகுடாப் பட்டறையில் வேலை பார்த்தவர். என் தாய்மாமன் படையில் இருந்தார். விடுமுறை நாட்களில் எங்கள் இரயில்வே குடியிருப்புக்கு வந்து உண்டு செல்வார். அவர் இலங்கைக்குப் புறப்பட்டபோது என் தாயார் முறுக்குச் சுற்றி ஒரு தகர டப்பா நிறையக் கொடுத்தார்கள். "நம் சனங்களைக் காக்கப் போகிறாய், நல்லபடியாகப் போய் வா" என்று வாழ்த்தினார்கள். முதலில் வந்த கடிதத்தில், யாழ்ப்பாணத்து மக்கள் மாலையிட்டு வரவேற்கிறார்கள் என்றும், தமிழ் பேசினால் இளநீர் வெட்டித் தருகிறார்கள் என்றும் மாமா எழுதியிருந்தார். அது உண்மை. அந்த ஆகஸ்டு மாதத்தில் மக்கள் அப்படித்தான் வரவேற்றார்கள். அக்டோபருக்குப் பிறகு வந்த கடிதங்களில் "நலம், நலமறிய அவா" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

நடந்தது என்ன? செப்டம்பர் 26ஆம் நாள் திலீபன் நல்லூரில் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். அக்டோபர் தொடக்கத்தில், இலங்கைக் கடற்படையால் பிடிபட்டுப் பலாலியில் வைக்கப்பட்டிருந்த விடுதலைப்புலிகள் நஞ்சுண்டனர். அவர்களுள் பன்னிருவர் மாண்டனர். அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் கொலைகள் நிகழ்ந்தன. அமைதி காக்கச் சென்ற படை, மூன்று மாதங்களுக்குள் யாழ்ப்பாண நகரைப் போரிட்டுக் கைப்பற்றும் படையாயிற்று. அக்டோபர் 11ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டர்களிலிருந்து இறங்கிய சீக்கியப் படைப்பிரிவினர் 30 பேரில் 29 பேர் விடிவதற்குள்ளும் விடிந்த பின்னும் மாண்டனர். ஒருவரே உயிரோடு பிடிபட்டார். அடுத்த சில வாரங்களில், நகரைப் பிடிப்பதற்குள் இருநூறுக்கு மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தனர்.

அதே அக்டோபர் 21ஆம் நாள் தீபாவளித் திருநாள். அன்று இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் பெரிய மருத்துவமனைக்குள் நுழைந்தனர். நோயாளிகளும், மருத்துவர்களும், செவிலியரும், ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் அங்கே கொல்லப்பட்டனர். இருபுறத்தாரும் சுட்டுக்கொண்டதில் நேர்ந்தது என்று இந்தியத் தரப்பினர் கூறினர். உயிர் பிழைத்த ஊழியர்கள் அவ்வாறு கூறவில்லை. அந்த மருத்துவமனையில் இன்றும் ஆண்டுதோறும் அந்நாளை நினைவு கூர்கின்றனர். நாம் இங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பலகாரம் உண்ட நாள் அது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நடுங்குகின்றது.

அந்த ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், மேஜர் இராமசாமி பரமேசுவரன் என்பவர் தேடுதல் பணி முடித்து இரவில் திரும்பும் வழியில் பதுங்கியிருந்தோரால் தாக்கப்பட்டார். மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு, தம் ஆட்களுக்கு இறுதிவரை கட்டளையிட்டு மாண்டார். அவருக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பெற்றது. அவர் யார்? நம்மைப் போலவே தமிழகத்துக்கு வெளியே, பம்பாயில் பிறந்த தமிழர். அவரைச் சுட்டவரும் தமிழரே. அவரால் சுடப்பட்டவரும் தமிழரே. அவருடைய வீரத்தைப் போற்றுவோம், ஐயமில்லை. ஆனால், போற்றிவிட்டு அப்படியே எழுந்து போக என்னால் இயலவில்லை. ஒரு தாய்மொழி பேசும் இருவர் நள்ளிரவில் ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய நிலையை உண்டாக்கியது எது என்று கேட்க வேண்டாவா?

திருவள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என்று படைக்கு இரண்டு அதிகாரம் வகுத்தார். ஆனால், அவற்றுக்கு நெடுந்தொலைவு முன்னரே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வீரனின் கடமை பின்னர் வருவது. அனுப்புகின்றவனின் கடமை முன்னர் வருவது. இவ்வரிசையை நாம் கவனிக்க வேண்டும்.

வலியைப் பற்றிக் கேட்டால், அங்கே காலப்போக்கில் நான்கு டிவிஷன்கள் நின்றன. எதிரே நின்றவர்கள் சில ஆயிரவரே. வலியில் குறைவில்லை. இடம் எப்படி? சீருடையணிந்த வீரனுக்கு எதிரே சீருடையணியாத பகைவன். எல்லைக்கோட்டில் நின்றால் எதிரில் நிற்பவன் பகைவன் என்று சிப்பாய் அறிவான். அங்கோ, சைக்கிளில் வரும் பையன் மாணவனா, குண்டு கொண்டு வருபவனா என்று அவனால் அறிய முடியாது. சாலையில் கண்ணி வெடித்து உடன் உண்டவன் சிதறினால், அருகிலிருந்த வீட்டார் எல்லோரும் அவன் கண்ணுக்குக் குற்றவாளிகளாவர். மொழியும் தெரியாது. "நில்" என்று இந்தியில் சொன்னால் அஞ்சி ஓடுவான், ஓடினால் சுடுவான். இவ்வளவுதான் பல சாவுகளின் வரலாறு.

காலம் எப்படி? உடன்பாடு எழுதியபோது இத்தனை நாள் என்று எவரும் வரையறுக்கவில்லை. முப்பத்திரண்டு மாதங்கள் நீண்டது. படை என்பது கூர்மையான கருவி. ஒரு வேலைக்கு எடுத்து, முடிந்ததும் உறையில் இட வேண்டும். நெடுநாள் திறந்து கிடந்தால், பிடித்தவன் கையையும் அறுக்கும். அருகில் நிற்பவனையும் அறுக்கும். 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வல்வெட்டித்துறையில் படையினர் சிலர் தாக்கப்பட்டு மாண்டனர். அதன்பின் அவ்வூர் மக்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாலையிட்ட மக்கள் அவர்கள்; மாலையை ஏற்ற படை அது.

வீட்டுத் தாய்மார்கள் பட்ட துன்பத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ராஜினி திராணகம எழுதிவைத்தார். அவரும் தோழர்கள் மூவரும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' என்னும் நூல், அமைதிப்படையின் குற்றங்களையும் போராளிகளின் குற்றங்களையும் ஒரே தராசில் நிறுத்தது. 1989 செப்டம்பர் 21ஆம் நாள், அவர் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையை இருபுறமும் சொன்னவருக்கு ஒருபுறமும் இடமில்லாமற் போயிற்று.

இன்னும் ஒரு கூட்டத்தாரை நாம் மறந்துவிடுகிறோம். படை திரும்பும் காலம் நெருங்கியபோது, மாகாண ஆட்சிக்குக் காவல் வேண்டுமென்று தமிழ்த் தேசியப்படை ஒன்று இந்தியாவின் துணையோடு அமைக்கப்பட்டது. வீதியிலும் பேருந்திலும் பிடிக்கப்பட்ட சிறுவர்கள்கூட அதில் சேர்க்கப்பட்டனர். இந்தியப் படை விலகவும், அவர்கள் விடுதலைப்புலிகள்முன் தனியே நின்று பலர் அழிந்தனர். தென்னிலங்கையிலோ, அயல்நாட்டுப் படை வந்ததென்ற சினத்தையும் விறகாகக் கொண்டு எழுந்த கிளர்ச்சியிலும், அதை ஒடுக்கிய கொடுமையிலும் சிங்கள இளைஞர் பல்லாயிரவர் மாண்டனர். ஒரு படையை அனுப்பும்போது நாம் கணக்கிடுவது அதன் எண்ணிக்கையை மட்டுமே. அது மிதிக்கும் நிலம் எங்கெங்கு வெடிக்கும் என்பதைக் கணக்கிடுவதில்லை.

1990ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் கடைசிப் படையினர் திருகோணமலையிலிருந்து கப்பலேறினர். ஏறத்தாழ 1,200 பேர் உயிரோடு திரும்பவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க அன்றைய தமிழக முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை எவ்வாறு வரவேற்பது என்பது அவர் கருத்து. அதனைச் சரியென்பாரும் உளர், தவறென்பாரும் உளர். நான் அந்த வழக்கை இங்கே தீர்க்க வரவில்லை. ஏவியவர் வேறு, ஏவப்பட்டவர் வேறு; ஏவப்பட்டவரே துறைமுகத்தில் இறங்கினார் என்று மட்டும் சொல்வேன்.

என் மாமாவும் அவ்வாறு இறங்கியவர்களுள் ஒருவர். எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் தாயார் ஆரத்தித் தட்டோடு வாயிலில் நின்றார்கள். "அக்கா, அதெல்லாம் வேண்டாம். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடு" என்றார். நான் அன்று சிறுவன். இலங்கையிலிருந்து என்ன வாங்கி வந்தீர்கள் மாமா என்று கேட்டேன். என் தலையைத் தடவிவிட்டுப் பேசாமல் இருந்தார். பத்தொன்பது ஆண்டுகள் அவர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்த நாட்டுப் போர் முடிந்த செய்தி தொலைக்காட்சியில் வந்த இரவு, நான் ஊரில் அவரோடு இருந்தேன். அன்று ஒரே ஒரு முறை பேசினார். அவருடைய அணியில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆகவே, வீடு வீடாகத் தேடும்போதெல்லாம் அவரையே முன்னே விடுவார்கள். வவுனியாவுக்கு வடக்கே ஒரு சிற்றூரில், ஒரு கிழவியின் குடிசையில், துப்பாக்கி ஒளித்திருக்கிறார்களா என்று அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினாராம். அந்த மூதாட்டி, "சிந்தாதே தம்பி. இதுதான் மிச்சம்" என்றாளாம். "என் அம்மா பேசுவது போலவே இருந்ததடா. பானையில் அரிசியைத் தவிர வேறொன்றும் இல்லை. கையை எடுத்தபோது விரலிடுக்கில் நாலைந்து அரிசி ஒட்டியிருந்தது. அதைத் திரும்பப் பானையில் தட்டிவிட்டு வந்தேன்" என்றார். பிறகு, "நான் யாரையும் சுட்டேன் என்று சொல்ல மாட்டேன், சுடவில்லை என்றும் சொல்ல மாட்டேன். நீ கேட்காதே" என்றார். நான் கேட்கவில்லை.

பெரியோர்களே! கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டையில், நாடாளுமன்றத்துக்கு அண்மையில், மாண்ட இந்திய வீரர்களின் பெயர் பொறித்த நினைவுச் சின்னம் இருக்கின்றது. பலாலியிலும் ஒன்று உண்டு. படையை வெளியேறச் சொன்ன நாட்டிலேயே அதற்குச் சின்னம் எழுந்துவிட்டது. ஆனால், அந்தப் போரில் மாண்டவர்கள் நினைவில், நம் போன்ற தமிழ்ச் சங்கங்கள் என்ன செய்தோம்? வீரனைப் பற்றிப் பேசினால் ஈழத்தமிழர்க்கு மாறானவன் என்பார்கள் என்று அஞ்சினோம். ஈழத்தமிழரைப் பற்றிப் பேசினால் நாட்டுக்கு மாறானவன் என்பார்கள் என்று அஞ்சினோம். 1991 மே 21ஆம் நாள் இராஜீவ் காந்தி திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்ட பிறகு, அந்த அச்சம் இரட்டிப்பாயிற்று. ஆகவே, இரண்டையும் பேசாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டோம். அந்த மௌனத்தின் காரணமாகவே, ஒரு தமிழ் எழுத்தன், தன் முன் நின்ற கைம்பெண்ணிடம் "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று கேட்டான்.

அந்த அம்மையார் கூறியது முழு உண்மையா? அவருடைய கணவர் தமிழ் மக்களைக் காக்கவே சென்றார் என்பது உண்மை. அவரைப் போன்றோர் சென்ற இடத்தில் தமிழ் மக்கள் பலர் மாண்டனர் என்பதும் உண்மை. ஓர் உண்மையால் மற்றோர் உண்மையை மறைக்கக் கூடாது. புறநானூற்றுத் தாய்மார் மகனின் மார்பில் புண் உண்டா, முதுகில் புண் உண்டா என்று தேடினார்கள் என்று படிக்கின்றோம். இக்காலத்துத் தாய்மார் அதைத் தேட வேண்டா. "என் மகனை எதற்காக அனுப்பினீர்கள்? எத்தனை நாளைக்கு அனுப்பினீர்கள்? அவன் என்ன செய்தால் வேலை முடிந்ததென்று பொருள்?" என்று அனுப்புகின்றவர்களிடம் முன்னரே கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை இல்லாத இடத்துக்குப் படையை அனுப்புவது, திரும்பும் வழியில்லாத தடத்தில் வண்டியை விடுவதற்கு ஒப்பாகும். இரயில்வேக்காரனாகிய எனக்கு அது புரிகின்றது.

முடிக்கும் முன் சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள்.

ஒன்று: அடுத்த ஆண்டு முதல், அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை நேரத்தில் நாம் கூடி, பல்கலைக்கழக வளாகத்தில் மாண்ட வீரர்களுக்கும், மருத்துவமனையில் மாண்ட மக்களுக்கும் சேர்த்து ஒரே விளக்கு ஏற்றுவோம். பேச்சு வேண்டா, முழக்கம் வேண்டா.

இரண்டு: இந்நகரில் படைவீரர்களின் கைம்பெண்கள் பலர் இருக்கின்றனர், அவர்கள் தமிழரோ தெலுங்கரோ, நமக்கு வேற்றுமையில்லை. ஓய்வூதியத் தாள், அடையாள அட்டை, வாரிசுச் சான்று என்று அவர்கள் அலைகின்ற அலைச்சலை நான் அறிவேன். நம் சங்கத்தில் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் பலர் உண்டு. நமக்கு வீரம் தெரியாது. படிவம் நிரப்பத் தெரியும். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்காருவோம். நான் வருவேன். வருகின்ற எவரையும் ஒதுங்கி நிற்கச் சொல்ல மாட்டேன்.